டிஸ்க் போட்டபின்னும் "டிஸ்க் போடுங்கள்" என்று கேட்கும் டிரைவ்: ஒரே புகாருக்குள் மூன்று கோளாறுகள்

மேசைக் கணினி, விண்டோஸ் 10, உள்ளே பொருத்திய 5.25 அங்குல டிவிடி ரைட்டர், இணைப்பு சாட்டா (டிரைவைத் தாய்ப்பலகையோடு இணைக்கும் கேபிள் வகை). "எந்த டிஸ்க்கைப் போட்டாலும் எடுக்க மாட்டேன் என்கிறது" என்பதுதான் புகார். சிக்கல் தொடங்கியபோது 'திஸ் பிசி' பக்கத்தில் டிரைவின் படமே இல்லை. இணையத்தில் சொன்னபடி ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் இடம்) ஒரு திருத்தம் செய்ததும் படம் திரும்பி வந்தது. ஆனால் பாட்டு சிடியைப் போட்டால் "டிஸ்க் போடுங்கள்" என்ற அதே பெட்டி. கேம்கார்டரில் பதிந்த சிறிய டிவிடியைப் போட்டால் வெற்று டிஸ்க் என்கிறது. செய்த திருத்தம் தவறு, அடுத்து விண்டோஸையே அழித்துப் புதிதாகப் போட வேண்டும் என்ற முடிவுக்கு உரிமையாளர் வந்திருந்தார்.

இந்த வகைப் புகாரில் அடிக்கடி நேர்வது இதுதான். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு மூன்று கோளாறுகள் இருக்கும். மேலே உள்ளதைச் சரியாகவே நீக்கியிருப்பார்கள். அடியில் உள்ளது அதே முகத்தைக் காட்டுவதால், நீக்கியதையே சந்தேகிப்பார்கள். அதனால் எதையும் கழற்றுவதற்கு முன்னும், எதையும் அழிப்பதற்கு முன்னும், டிரைவ் எந்தப் படியில் நிற்கிறது என்பதைக் கண்டுபிடிக்க வேண்டும்.

டிஸ்க்கை "எடுப்பது" என்பது எத்தனை படி

ட்ரே மூடியதும் லேசர் தலை டிஸ்க்கின் மையப் பக்கம் நகர்கிறது. லேசர் எரிகிறது, லென்ஸ் மேலும் கீழும் அசைந்து ஃபோகஸ் தேடுகிறது. போதுமான ஒளி திரும்பி வந்தால்தான் டிரைவுக்கு மேலே டிஸ்க் இருப்பதே தெரியும். பிறகு மோட்டார் வேகம் பிடிக்கிறது, லேசர் தடத்தைப் பற்றிக்கொள்கிறது, மையத்தை ஒட்டிய முகப்புப் பகுதியைப் படிக்கிறது. டிஸ்க்கில் என்ன, எங்கே இருக்கிறது என்ற பட்டியல் அங்கேதான் இருக்கிறது. இவ்வளவும் டிரைவுக்குள் இருக்கும் சிப் தானாகச் செய்யும் வேலை. விண்டோஸுக்கு இதில் பங்கே இல்லை. "டிஸ்க் தயார்" என்று டிரைவ் சொன்ன பிறகுதான் விண்டோஸ் உள்ளே போய் ஐஎஸ்ஓ 9660 அல்லது யுடிஎஃப் கோப்பு அமைப்பைத் தேடும்.

ஆகவே முதல் கேள்வி ஒன்றுதான்: சிக்கல் இந்த எல்லைக்கு எந்தப் பக்கம்? "டிரைவையே காணோம்" என்பது ஒரு பக்கம். "டிரைவ் இருக்கிறது, டிஸ்க் இல்லை என்கிறது" என்பது மறுபக்கம். இந்தக் கணினியில் முதலில் ஒன்று, பிறகு மற்றொன்று என இரண்டுமே வந்திருக்கின்றன.

முதல் அடுக்கு: ரெஜிஸ்ட்ரி

பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே ஓடும், தாய்ப்பலகையின் அடிப்படை மென்பொருள்) டிரைவின் பெயர் தெரிகிறது, விண்டோஸில் தெரியவில்லை என்றால் டிவைஸ் மேனேஜரைத் திறக்க வேண்டும். அங்கே டிரைவின் பெயருக்கு மேல் மஞ்சள் நிற ஆச்சரியக்குறி இருந்தால், அதை இரண்டு முறை கிளிக் செய்து குறியீட்டு எண்ணைக் குறித்துக்கொள்ளவும். இங்கே வந்தது 19. அந்தச் சாதனத்துக்கான ரெஜிஸ்ட்ரி விவரம் குறையாக இருக்கிறது அல்லது பழுதாகியிருக்கிறது என்று பொருள். 39 வந்தால் டிரைவர் கோப்பு கெட்டிருக்கிறது அல்லது காணவில்லை. 41 வந்தால் டிரைவர் ஏறியும் சாதனத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லை.

இந்த எண்கள் சிடி, டிவிடி டிரைவில் வருவதற்கு வழக்கமான காரணம், டிஸ்க் எரிக்கும் மென்பொருளோ மெய்நிகர் டிரைவ் மென்பொருளோ விட்டுச்சென்ற வடிகட்டிப் பதிவுகள். மென்பொருளை நீக்கியிருப்பார்கள், 'அப்பர் ஃபில்டர்ஸ்', 'லோயர் ஃபில்டர்ஸ்' என்ற பதிவுகள் மட்டும் நின்றுவிடும். இல்லாத கோப்பை விண்டோஸ் ஒவ்வொரு முறையும் தேடித் தோற்கும்; டிரைவைத் தொடங்காமலே விட்டுவிடும்.

பதிவுகள் இருக்குமிடம்: ஹெச்கீ லோக்கல் மெஷின், சிஸ்டம், கரண்ட் கண்ட்ரோல் செட், கண்ட்ரோல், கிளாஸ், அதனுள் 4டி36இ965 (4D36E965) எனத் தொடங்கும் கோப்புறை. கடைசி இலக்கத்தைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்க்க வேண்டும். 4டி36இ967 எனத் தொடங்குவது ஹார்டு டிஸ்க்குக்கு உரியது. அதில் உள்ள வடிகட்டிகளை அழித்தால் கணினி தொடங்காமலே போகலாம். சரியான இடத்துக்கு வந்துவிட்டோமா என்று உறுதிசெய்ய, வலப்பக்கத்தில் 'கிளாஸ்' என்ற பதிவின் மதிப்பு 'சிடிராம்' என்று இருக்கிறதா பார்க்கவும். கோப்புறையை முதலில் எக்ஸ்போர்ட் செய்து சேமித்துவிட்டு, வலப்பக்கத்தில் உள்ள அந்த இரண்டு பதிவுகளை மட்டும் அழித்து, கணினியை மறுதொடக்கம் செய்ய வேண்டும். கோப்புறையை அழிக்கக் கூடாது. இப்போதும் பயன்பாட்டில் உள்ள எரிப்பு மென்பொருள் ஏதாவது இந்தப் பதிவை நம்பியிருந்தால், பிறகு அதை மீண்டும் நிறுவ வேண்டியிருக்கும்.

உரிமையாளர் செய்தது இதைத்தான், சரியாகவே செய்திருந்தார். ஆச்சரியக்குறி போய்விட்டது, டிரைவுக்கு உரிய எழுத்து (டி, இ போன்றது) திரும்பக் கிடைத்துவிட்டது. முதல் அடுக்கு அங்கேயே முடிந்துவிட்டது.

விண்டோஸை விலக்கிவிட்டுச் சோதித்தல்

அடுத்து, விண்டோஸ் மறுநிறுவல் தேவையா என்பதை முடிவுசெய்ய, விண்டோஸே இல்லாமல் டிரைவைச் சோதிக்க வேண்டும். துவக்கக்கூடிய டிஸ்க் இரண்டு எடுத்துக்கொள்ளப்பட்டது: ஒன்று டிவிடி-ஆர், மற்றொன்று சிடி-ஆர் ('ஆர்' என்றால் ஒருமுறை மட்டும் எழுதக்கூடியது, 'ஆர்டபிள்யூ' என்றால் அழித்து மீண்டும் எழுதக்கூடியது). இரண்டும் வேறொரு கணினியில் துவங்குவதை உறுதிசெய்த பிறகே இங்கே போடப்பட்டன. துவக்கப் பட்டியலில் டிவிடி டிரைவைத் தேர்ந்தெடுத்ததும் டிவிடி-ஆர் துவங்கியது. சிடி-ஆர் துவங்கவில்லை, கணினி அடுத்த சாதனத்துக்குத் தாவிவிட்டது.

இந்த ஒரே சோதனை பல சந்தேகங்களைத் தீர்த்துவிடுகிறது. விண்டோஸ் குற்றவாளி அல்ல. சாட்டா கேபிளும் அல்ல. கேபிளுக்குச் சிடி எது, டிவிடி எது என்று தெரியாது. மின்சாரமும் பெரும்பாலும் சரி. மோட்டார் சுற்றுகிறது, தலை நகர்கிறது.

பென் டிரைவிலிருந்து லினக்ஸைத் துவக்கியும் பார்க்கலாம். டிஸ்க்கை மவுண்ட் செய்யும்போது (திறப்பதற்காக இணைக்கும்போது) 'நோ மீடியம் ஃபவுண்டு' என்று வந்தால், டிரைவ் ஃபோகஸ் கட்டத்தையோ முகப்பைப் படிக்கும் கட்டத்தையோ தாண்டவில்லை. கெர்னல் பதிவில் (லினக்ஸின் மையப் பகுதி எழுதிவைக்கும் குறிப்புகளில்) 'மீடியம் எரர்' என்று வந்தால் டிஸ்க்கை அறிந்துகொண்டது, உள்ளே படிக்கத்தான் முடியவில்லை. விண்டோஸ் இந்த இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே பெட்டியைக் காட்டுவதால், இந்த வேறுபாடு மிக உதவியானது.

மின்சாரத்தைப் "பெரும்பாலும்" என்று விட்டுவிடாமல் அளந்துவிடுவது நல்லது. மேசைக் கணினி டிரைவுக்கு இரண்டு மின்னழுத்தம் போகும். 5 வோல்ட் மின்னணுப் பகுதிக்கு, 12 வோல்ட் முக்கியமாக மோட்டாருக்கு. 12 வோல்ட் வராவிட்டாலும் பயாஸில் பெயர் தெரியும், டிஸ்க் மட்டும் சுற்றாது. மோலெக்ஸிலிருந்து (பழைய வகை நான்கு முனை மின் இணைப்பான்) சாட்டாவுக்கு மாற்றும் மலிவான இணைப்பான்களில் இந்தக் கோளாறு வரும். டிஸ்க் வேகம் பிடிக்கும் நேரத்தில் அதே கேபிளில் காலியாக உள்ள மோலெக்ஸில் அளக்க வேண்டும்: சிவப்புக்கும் கறுப்புக்கும் இடையே 4.75 முதல் 5.25 வரை, மஞ்சளுக்கும் கறுப்புக்கும் இடையே 11.4 முதல் 12.6 வரை இருக்கலாம். இங்கே கிடைத்தவை 5.04, 12.08. குறையில்லை. யுஎஸ்பி டிரைவாக இருந்திருந்தால் இந்தச் சோதனைக்கே முதலிடம் கொடுத்திருக்க வேண்டும். யுஎஸ்பி 2.0 போர்ட் தருவது 0.5 ஆம்பியர், மோட்டார் கிளம்பும் நொடியில் மெல்லிய டிரைவுக்கு அதைவிடக் கூடுதலாகத் தேவைப்படலாம். ஹப்பைத் தவிர்த்துக் கணினியில் நேரடியாகச் செருகுவதும், இரட்டைத் தலை கேபிள் பயன்படுத்துவதும் பல நேரம் போதும்.

இரண்டாவது அடுக்கு: எந்த வகை எடுக்கிறது, எந்த வகை எடுக்கவில்லை

இந்த ஆய்வின் மையம் இதுதான். ஒரே டிஸ்க்கைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பதில் பயனில்லை. வகைக்கு ஒன்றாக, வேறு கணினியில் நன்றாகப் படிக்கும் டிஸ்க்குகளை வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடம் கொடுத்து, என்ன சத்தம் வருகிறது என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்ள வேண்டும். இந்த டிரைவில் கிடைத்தது:

ஆலையில் அச்சிட்ட ஒற்றை அடுக்கு டிவிடி: எடுத்தது.
டிவிடி-ஆர்: எடுத்தது, தயங்கித் தயங்கி.
இரட்டை அடுக்குத் திரைப்பட டிவிடி: சில நேரம் எடுத்தது, சில நேரம் சுற்றிச் சுற்றி நின்றது.
டிவிடி-ஆர்டபிள்யூ: எடுக்கவில்லை, வேகம் பிடிப்பதும் தளர்வதுமாக இருந்து நின்றுவிட்டது.
அச்சிட்ட பாட்டு சிடி: சுற்றவே இல்லை.
சிடி-ஆர்: சுற்றவே இல்லை.
கேம்கார்டரின் 8 செ.மீ. டிவிடி-ஆர்: சுற்றியது, வெற்று டிஸ்க் என்று காட்டியது.

இந்தப் பட்டியலைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. சிடியைப் படிப்பது 780 நானோமீட்டர் அகச்சிவப்பு லேசர். டிவிடியைப் படிப்பது 650 நானோமீட்டர் சிவப்பு லேசர். லேசரை உண்டாக்கும் இரண்டு டயோடுகளும் ஒரே தலைக்குள் இருந்தாலும் தனித்தனி. ஒன்று செத்தாலும் மற்றொன்று வேலை செய்யும். டிவிடி எடுத்து, சிடி வகை அனைத்தும் சுற்றக்கூட மறுத்தால், சந்தேகம் சிடி டயோடின் மேல்தான் விழும்.

டிவிடிகளுக்குள் ஏன் பாகுபாடு? காரணம், திரும்பி வரும் ஒளியின் அளவு. ஒற்றை அடுக்கு டிவிடி, விழும் ஒளியில் 45 முதல் 85 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். இரட்டை அடுக்கும் மறுபதிவு செய்யக்கூடிய டிவிடியும் 18 முதல் 30 சதவீதம்தான். லென்ஸில் தூசிப் படலம் இருந்தாலும், டயோடு களைத்திருந்தாலும், முதலில் தோற்பவை இந்தக் குறைந்த பிரதிபலிப்பு வகைகளே. ஆக, டிவிடி பக்கமும் முழு நலமாக இல்லை. சிடி பக்கத்திலும் இதே வரிசை உண்டு: அச்சிட்ட சிடி 70 சதவீதத்துக்கு மேல், சிடி-ஆர்டபிள்யூ 15 முதல் 25. அச்சிட்ட சிடி எடுத்து ஆர்டபிள்யூ மட்டும் எடுக்காத டிரைவை உடனே கைகழுவ வேண்டாம். லென்ஸைத் துடைத்தாலே பல நேரம் சரியாகும்.

சத்தத்தையும் கவனிக்க வேண்டும். பெரும்பாலான டிரைவ்களில், சுற்றவே இல்லை என்றால் ஃபோகஸ் கிடைக்கவில்லை. ஏறி இறங்கி நின்றால் ஃபோகஸ் கிடைத்தும் தடத்தைப் பிடிக்க முடியவில்லை. முழு வேகத்தில் சுற்றி, தலை முன்னும் பின்னும் ஓடிய பிறகு கைவிட்டால், முகப்புப் பகுதியோ டிஸ்க்கோதான் பழுது.

டிஸ்க்கையே குற்றம் சொல்ல வேண்டிய இடமும் உண்டு. சிடியில் முகப்புப் பகுதி மையத்திலிருந்து 23 முதல் 25 மி.மீ. வரையிலான வளையத்தில் இருக்கிறது. அந்த 2 மி.மீ. வளையத்தில் ஒரு விரல் ரேகை போதும், டிஸ்க் முழுவதும் இல்லாததாகிவிடும். வெளி விளிம்பில் பெரிய கீறல் இருந்தால்கூடக் கடைசிப் பாட்டுதான் தடுமாறும். துடைக்கும்போது மையத்திலிருந்து விளிம்பு நோக்கி நேர்க்கோட்டில் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைக்கக் கூடாது. தடங்களைக் குறுக்கே வெட்டும் கீறலில் ஒவ்வொரு தடத்திலும் சிறு துண்டுதான் கெடும், பிழைதிருத்தம் அதை நிரப்பிவிடும். சிடியில் தடத்தின் நீளவாக்கில் ஏறக்குறைய 2.5 மி.மீ. வரையிலான இழப்பை முழுமையாக மீட்க முடியும். தடத்தோடு சேர்ந்து ஓடும் கீறல் அந்த எல்லையை எளிதில் தாண்டிவிடும். மையத் துளையில் விரிசல் உள்ள டிஸ்க்கை டிரைவில் போடவே வேண்டாம். அதிவேகத்தில் அது சிதறிவிடலாம்.

லென்ஸைத் துடைத்தல்

தூரிகை ஒட்டிய துப்புரவு டிஸ்க்குகளை இங்கே பயன்படுத்தவில்லை. சுழலும் தூரிகை லென்ஸைத் தட்டும் வேகம் நம் கட்டுப்பாட்டில் இல்லை. அந்த லென்ஸ் மயிரிழை போன்ற கம்பிகளில் மிதந்துகொண்டிருப்பது, கைதான் நம்பத்தக்கது.

முதலில் கணினியை நிறுத்தி மின்கம்பியைப் பிடுங்க வேண்டும். டிரைவின் முகப்பில் உள்ள சிறு துளையில் நிமிர்த்திய காகிதக் கிளிப்பைச் செருகினால் ட்ரே வெளியே வரும். ட்ரேயின் முன்பட்டையை மேல்நோக்கித் தள்ளிக் கழற்றி, பிறகு டிரைவைக் கேஸிலிருந்து எடுத்து, முகப்புச் சட்டத்தின் பிடிப்புகளை அழுத்தி விடுவிக்கலாம். அடித்தகட்டில் பொதுவாக நான்கு திருகுகள். தகடுகளை எடுத்தால் லேசர் தலையும் அதன்மேல் சிறிய நீலச்சாயல் லென்ஸும் தெரியும். மடிக்கணினியின் மெல்லிய டிரைவில் இவ்வளவும் தேவையில்லை. லென்ஸ் ட்ரேயோடு சேர்ந்தே வெளியே வந்துவிடும்.

ரப்பர் ஊதுகுழலால் தூசியை ஊதிவிட்டு, பஞ்சுக் குச்சியில் 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹால் ஒரே ஒரு சொட்டு தொட்டு, லென்ஸின் மேல் எடை வைக்காமல் ஓரிரு சுற்று. உலர்ந்த குச்சியால் ஒருமுறை. ஐந்து நிமிடம் காயவிட வேண்டும். அசிட்டோன் கூடவே கூடாது, லென்ஸ் பிளாஸ்டிக். வாயால் ஊதினால் எச்சில் துளி படியும். மூடியைத் திறந்து வைத்தபடி மின்சாரம் கொடுத்து லேசர் எரிகிறதா என்று எட்டிப் பார்ப்பதை யாரும் செய்ய வேண்டாம். சிடி லேசர் கண்ணுக்கே தெரியாது. தெரியாத ஒளியும் விழித்திரையைச் சுடும்.

மீண்டும் பூட்டி, அதே டிஸ்க்குகளை அதே வரிசையில் போட்டபோது, டிவிடி-ஆர் தயங்காமல் எடுத்தது. இரட்டை அடுக்கு ஒவ்வொரு முறையும் எடுத்தது. டிவிடி-ஆர்டபிள்யூவும் எடுத்தது. சிடி வகை மூச்சுவிடவில்லை. லென்ஸ் இரண்டு லேசருக்கும் பொது. லென்ஸ் தெளிந்தும் ஒரு பக்கம் மட்டும் இருட்டு என்றால், 780 நானோமீட்டர் டயோடு செத்துவிட்டது என்ற முடிவுக்கு வரலாம்.

தலையின் பக்கவாட்டில் சில டிரைவ்களில் ஒரு குட்டித் திருகு மின்தடை இருக்கும். அதைத் திருகி லேசருக்குக் கூடுதல் மின்னோட்டம் கொடுக்கச் சொல்லும் அறிவுரைகளைப் பின்பற்ற வேண்டாம். களைத்த டயோடு கொஞ்ச காலம் பளிச்சென்று எரிந்து முற்றாக அணையும். நன்றாக இருக்கும் டிவிடி பக்கமும் சேர்ந்து கெடலாம். தலையை மட்டும் மாற்றுவதும் நிலைமின் பாதுகாப்பு, சாலிடர், சீரமைப்பு என்று நீளும். டிரைவை மாற்றுவதே சரி என்று முடிவாகி, அப்படியே செய்யப்பட்டது. மேசைக் கணினிக்கு எந்த 5.25 அங்குல சாட்டா டிரைவும் பொருந்தும். மடிக்கணினி என்றால் தடிமன் 12.7 மி.மீ.யா 9.5 மி.மீ.யா என்று பழையதை அளந்துவிட்டே வாங்க வேண்டும்.

மூன்றாவது அடுக்கு: மூடப்படாத டிஸ்க்

புதிய டிரைவ் சிடி, டிவிடி எல்லாவற்றையும் எடுத்தது, 8 செ.மீ. டிஸ்க் ஒன்றைத் தவிர. அது இப்போதும் வெற்று என்றே காட்டியது. ஆனால் டிஸ்க்கின் அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், மையத்தை ஒட்டி நிறம் மாறிய ஒரு வளையம் தெளிவாகத் தெரிந்தது. எழுதப்பட்ட டிஸ்க்தான். பட்டியல் மட்டும் எழுதப்படவில்லை.

கேம்கார்டரும் தொலைக்காட்சிப் பதிவுக் கருவியும் டிவிடி-ஆரில் படத்தை எழுதிக்கொண்டே போகும். 'ஃபைனலைஸ்' கட்டளை கொடுத்தால்தான் முகப்புப் பகுதியை எழுதி டிஸ்க்கை மூடும். அதைச் செய்யாத டிஸ்க் பதிந்த கருவியில் ஓடும், வேறெங்கும் ஓடாது. தீர்வு, அதே கருவியில் அல்லது அதே வகைக் கருவியில் போட்டு ஃபைனலைஸ் செய்வதுதான். இடையில் மின்சாரம் போகாமல் இருக்க, பேட்டரியை நம்பாமல் அடாப்டரில் செருக வேண்டும். இந்த டிஸ்க் அந்தக் கருவியில் மூடப்பட்ட பிறகு கணினியில் உடனே திறந்தது. கருவியே இல்லாதவர்கள், மூடாத டிஸ்க்கின் பதிவுகளை நேரடியாகத் தோண்டியெடுக்கும் மீட்பு மென்பொருள்களை நாடலாம். டிரைவைப் பொறுத்து பலன் மாறும்.

இந்த நிலையில் விண்டோஸ் சில நேரம் "டிஸ்க்கைத் தயார் செய்யவா?" என்று கேட்கும். அழுத்தக் கூடாது. டிவிடி-ஆர்டபிள்யூ என்றால் அந்த ஒரு கிளிக் உள்ளே இருப்பதை அழித்துவிடும். 8 செ.மீ. டிஸ்க்கை ட்ரேயின் நடுவில் உள்ள சிறு பள்ளத்தில்தான் வைக்க வேண்டும். ட்ரே இல்லாமல் நேரே விழுங்கும் டிரைவில் போட்டால் உள்ளேயே மாட்டிக்கொள்ளலாம்.

டிரைவ் பழுதே இல்லாமல் இதே புகார் வரும் வேறு இடங்களும் உள்ளன. புளூரே டிஸ்க்குக்கு 405 நானோமீட்டர் லேசர் வேண்டும். டிவிடி டிரைவ் அதை எந்நாளும் எடுக்காது. விண்டோஸ் எக்ஸ்பி யுடிஎஃப் 2.01 வரைதான் படிக்கும், 2.5 வடிவில் எழுதிய டிஸ்க் அதில் திறக்காது. மண்டலக் குறியீடு (உலகின் எந்தப் பகுதியில் ஓடலாம் என்பதைக் குறிப்பது) பொருந்தாத திரைப்பட டிவிடியில் கோப்புகள் தெரியும், படம்தான் ஓடாது. டிரைவின் மண்டலத்தை 5 முறைதான் மாற்ற முடியும், கடைசியாக வைத்ததே நிலைத்துவிடும்.